பெரிய மரக்கிண்ணம் கடைய வீட்டில் கட்டிய லேத்: எந்தக் கோளாறுக்கு எங்கே பார்ப்பது

அல்சூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு தகரக் கொட்டகை. அதில் நிற்கும் லேத்தை நானே கட்டினேன். பெங்களூரில் மே மாத மழைக்காற்றுக்கு எங்காவது ஒரு தூங்குமூஞ்சி மரம் சாயும். அறுத்த துண்டுகளைப் பார்த்தால் இரண்டடி அகலத்தில், நடுவில் காப்பிக் கொட்டை நிறத்தில் வைரம், அதாவது மரத்தின் கெட்டியான உள்பகுதி, இருக்கும். அதை விறகாக ஏற்றிப் போவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. கடைகளில் விற்கும் சின்ன மர லேத்தில் பத்துப் பன்னிரண்டு இன்ச்சுக்கு மேல் கட்டை சுற்றாது. இருபது இன்ச் கிண்ணம் வேண்டுமென்றால் மெஷினைக் கட்டித்தான் ஆகவேண்டும்.

என் மெஷினின் அமைப்பு இது: ஆறு இன்ச் சி-சேனலில் வெல்டு செய்த நிலை, 40 மில்லி ஷாஃப்ட், அதைத் தாங்க யூசிபி 208 பிள்ளோ பிளாக் பேரிங் இரண்டு, ஒன்றரை ஹெச்பி மூன்று ஃபேஸ் மோட்டார், அதன் வேகத்தை ஏற்றி இறக்க ஒரு விஎஃப்டி டிரைவ், மோட்டாரில் 3 இன்ச் புல்லி, ஷாஃப்டில் 12 இன்ச் புல்லி. உளியைத் தாங்கும் டூல் ரெஸ்ட் தனி. உங்களுடையது வேறு மாதிரி இருக்கலாம். ஆனாலும் கோளாறுகள் பெரும்பாலும் கீழே உள்ளவைதான்.

எதற்கும் முன்னால் ஒரு வரிசையை மனதில் வையுங்கள். பீன்யா தொழிற்பேட்டையில் முப்பது வருஷமாக டர்னர் வேலை பார்க்கும் ஒரு அண்ணன் கற்றுக்கொடுத்தது. என் மெஷின் முதல் நாள் ஆடியபோது அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "கட்டைதான் பாலன்ஸ் இல்ல அண்ணே" என்றேன். அவர் கட்டையைப் பார்க்கவே இல்லை. "தம்பி, முதல்ல கட்டைய இறக்கு. காலியா ஓட்டு. அப்புறம் பிளேட்ட மாட்டி ஓட்டு. எந்த இடத்துல ஆட்டம் சேருதோ அங்கதான் கோளாறு." காலி ஷாஃப்ட், பிறகு ஃபேஸ்பிளேட் (ஷாஃப்டின் முனையில் மாட்டி, கட்டையை ஸ்க்ரூ போட்டுப் பிடிக்கும் தகடு), பிறகு கட்டை, கடைசியில் உளி. கீழே உள்ள எல்லாமே இந்த வரிசையில்தான் பிடிபடும். ஒரே சமயத்தில் இரண்டை மாற்றினால் எது சரிசெய்தது என்று கடைசிவரை தெரியாது.

மெஷின் குதிக்கிறது, தரையில் நகர்கிறது

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. காலியாக ஓடும்போதே அதிர்ந்தால் புல்லியைப் பாருங்கள்: வார்ப்பு புல்லியின் துளை மையம் விலகியிருக்கும், அல்லது அதை ஷாஃப்டோடு பூட்டும் தலையில்லாத கிரப் ஸ்க்ரூ தளர்ந்திருக்கும். பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் ஓட்டினால் குற்றம் மோட்டார் பக்கமா ஷாஃப்ட் பக்கமா என்று ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

காலியாக அமைதியாக ஓடி, கட்டை ஏற்றியதும் குதித்தால் அது பாலன்ஸ். 20 இன்ச் அகலம், 6 இன்ச் கனம் உள்ள பச்சைக் கட்டை சுமார் 25 கிலோ வரும். அதில் ஒரு பக்கம் வெறும் 200 கிராம் கூடுதல், மையத்திலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். 300 ஆர்பிஎம்மில், அதாவது நிமிஷத்துக்கு 300 சுற்றில், அந்த 200 கிராம் நாலு கிலோ பாரம்போல வெளியே இழுக்கும். 600-ல் பதினாறு கிலோ. 1200-ல் அறுபத்து நாலு கிலோ. வேகம் இரட்டித்தால் இழுப்பு நாலு மடங்காகும். அதனால்தான் 250-ல் சாதுவாக நின்ற மெஷின் 500-ல் கொட்டகையையே உலுக்குகிறது.

பாலன்ஸ் பார்க்க டயல் கேஜ் எதுவும் தேவையில்லை. பெல்ட்டைக் கழற்றுங்கள். கட்டையைக் கையால் மெல்லச் சுற்றி விட்டுவிடுங்கள். கனமான பக்கம் ஊஞ்சல்போல முன்னும் பின்னும் ஆடிக் கீழே வந்து நிற்கும். அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. மறுபடி சுற்றி விடுங்கள். மூன்று தடவையும் அதே கோடு கீழே வந்தால் அங்கே வாளால் அல்லது செயின் ரம்பத்தால் ஒரு சீவு எடுங்கள். கோடு எந்தப் பக்கமும் நிற்கும்வரை இதைத் தொடருங்கள். எதிர்ப்பக்கம் எடை கட்டுவதை நான் செய்வதில்லை. கட்டிய இரும்பு பறந்தால் தடுக்க ஒன்றுமில்லை. பச்சை மரத்தில் ஒரு பக்கம் வைரமும் மறுபக்கம் வெள்ளை மரமும் (பட்டையை ஒட்டிய வெளிர்ப் பகுதி) இருந்தால், வெட்டு முழு வட்டமாக இருந்தாலும் எடை ஒத்துவராது. கண்ணை நம்பாமல் சுற்றிப் பாருங்கள்.

பாலன்ஸும் சரி, ஆனாலும் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் நடுக்கம் வந்து, அதைத் தாண்டினால் அடங்குகிறதா? ஸ்விட்சை அணைத்துவிட்டு வேகம் இறங்கும்போது கவனியுங்கள். ஓரிடத்தில் குபீரென்று ஆடி ஓயும். அது நிலையின் சொந்த அதிர்வு. மருந்து எடையும் அகலமும்தான். நான் நிலையின் கால்களை அடியில் 30 இன்ச் அகலத்துக்கு விரித்து வெல்டு செய்தேன். அடித்தட்டில் கிரானைட் கடையில் கழித்துப் போட்ட துண்டுகளை அடுக்கி, இடுக்குகளில் மணல் மூட்டை வைத்தேன். எல்லாம் சேர்ந்து 180 கிலோ. கற்கள் ஒன்றோடொன்று தட்டாமல் இருக்க மணல் அவசியம். நாலு கால் வைத்தால் ஒரு கால் எப்போதும் தரையைத் தொடாமல் நிற்கும். ஆப்பு வைத்து நாலும் பாரம் தாங்குகிறதா என்று பாருங்கள், அல்லது கால்களை மூன்றாகவே கட்டிவிடுங்கள். மாடியில் வாடகைக்கு இருப்பவர்கள் இந்த அளவு கட்டையைத் தொடாமல் இருப்பது நல்லது. அதிர்வு தூண் வழியாகக் கீழ்வீட்டுக் கட்டில்வரை போகும்.

வேகத்துக்கு ஒரு கணக்கு: கட்டையின் விட்டத்தை இன்ச்சில் எடுத்து ஆர்பிஎம்மோடு பெருக்கினால் 6000-க்கும் 9000-க்கும் நடுவில் வரவேண்டும். 20 இன்ச்சுக்கு 300 முதல் 450. உருட்டாத முரட்டுக் கட்டைக்கு அதையும் விடக் குறைவு, 200-ல் ஆரம்பியுங்கள். 20 இன்ச் கட்டையை 1000-ல் சுற்றினால் அதன் விளிம்பு மணிக்கு 95 கிலோமீட்டர் வேகத்தில் போகும்.

ஃபேஸ்பிளேட் தள்ளாடுகிறது

டூல் ரெஸ்ட்டில் ஒரு பென்சிலை அழுத்திப் பிடித்து, பிளேட்டின் முகத்தை அது லேசாகத் தொடும்படி வைத்துக் கையால் சுற்றுங்கள். முழு வட்டமாகக் கோடு விழுந்தால் சரி. பாதியில் மட்டும் விழுந்தால் முகம் சாய்ந்திருக்கிறது. வெல்டு செய்து செய்த பிளேட்டில் இது வராமல் இருப்பதே அபூர்வம், சூட்டில் தகடு இழுத்துக்கொள்ளும். வெல்டு செய்த பிறகு அதே மரையில் மாட்டி மெட்டல் லேத்தில் ஒரு முறை முகத்தைத் தேய்த்து வாங்க வேண்டும். மரை மட்டும் பிடித்தால் போதாது. பிளேட்டின் பின்முகம் ஷாஃப்டின் தோளில், அதாவது மரை முடியும் இடத்துத் தடித்த படியில், அழுந்தி உட்காரவேண்டும். தோள் இல்லாத ஷாஃப்டில் எவ்வளவு இறுக்கினாலும் ஆட்டம் இருக்கும்.

பிளேட் சரி, ஷாஃப்டே ஆடுகிறது என்றால் ஷாஃப்டாகப் போட்ட பிரைட் பாரை, அதாவது பளபளப்பான உருட்டுக் கம்பியை, சந்தேகப்படுங்கள். எஸ்.ஜே.பி. ரோட்டு ஹார்டுவேர் கடைகளில் 40 மில்லி என்று கேட்டு வாங்கும் கம்பி பேரிங் துளையைவிடத் துளி மெல்லியதாகவே இருக்கும். பிள்ளோ பிளாக்கின் கிரப் ஸ்க்ரூவை இறுக்கும்போது ஷாஃப்ட் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். மின்விசிறிக்கு அது பொருட்டல்ல, கிண்ணத்துக்குப் பொருட்டு. கிரைண்டிங் செய்த ஷாஃப்ட் வாங்குங்கள். அல்லது கூம்பு ஸ்லீவ் போட்டு இறுக்கும் யூகே வகை பேரிங்குக்கு மாறுங்கள், அது சுற்றிலும் சமமாகப் பிடிக்கும். இரண்டு பேரிங்குக்கும் நடுவில் குறைந்தது ஒரு அடி இடைவெளி விடுங்கள். முன் பேரிங்குக்கும் பிளேட்டுக்கும் நடுவில் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

ஸ்விட்ச் போட்டால் மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை

சிங்கிள் ஃபேஸ் மோட்டாரானால் முதலில் கெப்பாசிட்டர். பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் பாருங்கள், அப்போதும் உறுமினால் கெப்பாசிட்டர் போய்விட்டது என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம். கழற்றும்முன் அதில் தேங்கிய மின்சாரத்தை இறக்கவேண்டும், தெரியாதவர்கள் எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். பெல்ட் இல்லாமல் சுற்றுகிறது, கட்டையோடு திணறுகிறது என்றால் வயர் மெல்லியது. வீட்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இதை ஓட்டாதீர்கள். போர்டிலிருந்து நேராக 2.5 ஸ்கொயர் மில்லி செம்பு வயர், நல்ல எர்த்.

மூன்று ஃபேஸ் மோட்டாரும் டிரைவும் வைத்திருப்பவர்கள் மோட்டார் சோப்ளாங்கியாக இருக்கிறது என்று புலம்பினால் நான் முதலில் கேட்பது ஸ்டாரா டெல்டாவா என்றுதான். மோட்டாரின் மூன்று சுருள்களையும் இணைக்கும் இரண்டு முறைகள் இவை. வீட்டு இணைப்பில் ஓடும் டிரைவ் 230 வோல்ட்தான் வெளியே தரும். ஸ்டாரில் கட்டிய மோட்டார் 415 வோல்ட்டை எதிர்பார்க்கும், கிடைக்காவிட்டால் அதன் முறுக்கு, அதாவது சுற்றும் பலம், மூன்றில் ஒரு பங்காகிவிடும். நேம்பிளேட்டில் டெல்டாவுக்கு 230 அல்லது 240 என்று இருந்தால் டெர்மினல் பெட்டியில் பட்டைகளை மாற்றிப் போட்டால் தீர்ந்தது. டிரைவை அணைத்தபின் பத்து நிமிஷம் விட்டுத்தான் எந்த மூடியையும் திறக்கவேண்டும். சிங்கிள் ஃபேஸ் மோட்டாரை இந்த டிரைவில் மாட்டவே கூடாது.

உளி வைத்ததும் கட்டை நின்றுவிடுகிறது

மோட்டார் சுற்றிக்கொண்டே கட்டை மட்டும் நின்றால் பெல்ட் வழுக்குகிறது. மோட்டாரும் சேர்ந்து நின்றால் முறுக்கு போதவில்லை. முதலாவதற்கு: ஏ அளவு வி-பெல்ட்டுக்கு 3 இன்ச்சுக்குக் குறைந்த புல்லி போடாதீர்கள், பெல்ட் புல்லியின் பள்ளத்தின் அடியைத் தொடாமல் பக்கங்களில் மட்டும் கவ்வுகிறதா என்று பாருங்கள். மோட்டாரைக் கீல் வைத்த பலகையில் தொங்கவிட்டால் அதன் சொந்த எடையே பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும்.

இரண்டாவதற்குக் கணக்கு சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் பலர் பெரிய மோட்டார் வாங்கிப் பணத்தைக் கரைக்கிறார்கள். 1440-ல் சுற்றும் ஒன்றரை ஹெச்பி மோட்டாரை நேராகக் கட்டையோடு இணைத்தால், 20 இன்ச் கட்டையின் விளிம்பில் கிடைக்கும் பலம் மூன்று கிலோவுக்கும் குறைவு. ஒரு கையால் பிடித்து நிறுத்திவிடலாம். அதே மோட்டாரை 3-க்கு 12 புல்லியில் போட்டால் விளிம்பில் பன்னிரண்டு கிலோ. டிரைவில் வேகத்தைக் குறைத்தால் இந்தப் பெருக்கம் கிடையாது, முறுக்கு அப்படியே இருக்கும். மோட்டாரின் விசிறியும் மெதுவாகச் சுற்றி மோட்டார் சுடும். ஆகவே வேகத்தை இறக்குவது புல்லியின் வேலை. டிரைவை 20 ஹெர்ட்ஸுக்கும் 60-க்கும் நடுவில் ஏற்றி இறக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். என் புல்லிக்கு அது ஏறக்குறைய 145 முதல் 430 ஆர்பிஎம், இருபது இன்ச் கிண்ணத்துக்குத் தேவையானது முழுக்க அதற்குள் வந்துவிடுகிறது.

பேரிங் சுடுகிறது

புது கிரீஸ் முதல் ஒரு மணி நேரம் வெதுவெதுப்பாக இருக்கும், பயம் வேண்டாம். மூன்று விநாடி கை வைக்கமுடியாத சூடு என்றால் பெல்ட் அதிக இறுக்கம், அல்லது கிரீஸ் அளவுக்கு மீறி அடித்திருக்கிறீர்கள்.

நிறுத்தும்போது ஃபேஸ்பிளேட் கழன்று வருகிறது

டிரைவ் வைத்திருப்பவர்களுக்கு வரும் ஆபத்து. வலது மரை, வெட்டும்போது தானாக இறுகும். ஆனால் 25 கிலோ கட்டை சுற்றிக்கொண்டிருக்கும்போது டிரைவ் ஷாஃப்டைப் பட்டென்று நிறுத்தினால் கட்டை தன் வேகத்தில் தொடர்ந்து சுற்றி மரையைக் கழற்றிவிடும். டிரைவில் நிற்கும் நேரத்தைப் பத்து விநாடிக்குக் குறையாமல் வையுங்கள். ஷாஃப்டின் பின் முனையில், அதாவது மெஷினின் வெளிப்பக்கம், பெரிய கட்டை மாட்டுவதற்காக மரை போடுபவர்கள் அங்கே இடது மரை போடவேண்டும். அந்த முனையிலிருந்து பார்த்தால் ஷாஃப்ட் எதிர்த்திசையில் சுற்றுகிறது. எந்தப் பக்கமானாலும் பிளேட்டின் கழுத்தில் இரண்டு கிரப் ஸ்க்ரூ போட்டுப் பூட்டுவது என் வழக்கம்.

கட்டை பிளேட்டிலிருந்து தளர்கிறது

இதை நான் அனுபவித்துத் தெரிந்துகொண்டேன். மாமரக் கட்டை, பதினாறு இன்ச். பிளேட்டில் எட்டு கறுப்பு ஜிப்சம் ஸ்க்ரூ போட்டிருந்தேன். வெளிப்பக்கம் உருட்டிக்கொண்டிருக்கும்போது டிக் என்று ஒரு சத்தம், சின்னக் கல் தெறித்த மாதிரி. உளியில் ஏதோ பட்டது என்று நினைத்துத் தொடர்ந்தேன். பத்து விநாடிக்குள் இன்னொரு டிக். மூன்றாவதில் கட்டை பறந்து தகரத்தில் மோதி, அங்கே இன்றும் குழி இருக்கிறது. பிளேட்டைப் பார்த்தேன். ஆறு ஸ்க்ரூவின் தலை துளையில் அப்படியே உட்கார்ந்திருந்தது, தண்டு மட்டும் கழுத்தில் சுத்தமாக முறிந்து கட்டையோடு போயிருந்தது. அந்த ஸ்க்ரூ கடினமானது, பக்கவாட்டு இழுப்புக்கு வளையாமல் ஒடியும். நான் அந்த நேரம் கட்டையின் நேர்கோட்டில் நிற்காமல் பக்கத்தில் நின்றதால்தான் இதை எழுதுகிறேன்.

இப்போது 6 மில்லி தடிப்புள்ள, ஸ்பேனர் போட்டு முடுக்கும் மர ஸ்க்ரூ எட்டு. மரத்துக்குள் 40 மில்லி இறங்கவேண்டும், முதலில் சரியான அளவில் துளை போட்டபிறகு. நார் முனை தெரியும் பக்கத்தில் ஸ்க்ரூ பிடிக்காது, நார் படுத்திருக்கும் முகத்தில்தான் பிளேட் உட்காரவேண்டும். பச்சை மரம் ஒரு ராத்திரியில் சுருங்கும், மறுநாள் காலையில் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் மறுபடி முடுக்குங்கள். புதிதாக ஏதாவது சத்தம் கேட்டால் உடனே அணையுங்கள். கண்ணாடி போதாது, முகம் முழுவதும் மூடும் ஷீல்டு போடுங்கள். ஸ்விட்ச் போடும்போது கட்டையின் சுழற்சிக் கோட்டிலிருந்து விலகி நில்லுங்கள்.

உளி கொத்துகிறது

டூல் ரெஸ்ட்டுக்கும் மரத்துக்கும் நடுவில் விரல் அகலத்துக்கு மேல் இடைவெளி வந்துவிட்டதா? கிண்ணத்தின் உள்ளே போகப்போக இது கவனத்திலிருந்து தப்பும். நிறுத்தி, ரெஸ்ட்டை உள்ளே தள்ளி, கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தொடருங்கள். ஆங்கிள் இரும்பை ரெஸ்ட்டாக வைத்தால் வளையும், விளிம்பில் வடு விழுந்து உளி தத்தும். 25 மில்லி உருட்டுக் கம்பியே நல்லது.

உளியின் சாணை பிடித்த சாய்வுப் பக்கம் முதலில் மரத்தைத் தடவவேண்டும், பிறகு கைப்பிடியை மெல்லத் தூக்கினால் முனை வெட்டத் தொடங்கும். முனையை நேராக நீட்டினால் கொத்தும். சுரண்டும் தட்டை உளி வேறு ரகம், கைப்பிடி சற்று உயர்ந்து முனை தாழ்ந்திருக்கவேண்டும். கிண்ணத்தின் உட்பக்கம் அதை மையத்துக்குச் சற்று மேலே பிடியுங்கள், பிடிபட்டாலும் காற்றுப் பக்கம் விலகும்.

பழைய அரத்தைச் சாணை பிடித்து உளியாக்குவதை விட்டுவிடுங்கள், அது பாதியில் ஒடியும். கட்டில் கால் உருட்டும் அகன்ற பள்ள உளியையும் கிண்ணத்துக்குக் கொண்டுவராதீர்கள். அதன் வால் மெல்லியது, பெரிய கட்டையின் அடியைத் தாங்காமல் பிடியருகே முறியும். கிண்ணத்துக்கென்று உருட்டுக் கம்பியில் செய்த ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) பள்ள உளி ஒன்று, 16 மில்லி, அதற்குச் செலவழிக்கத் தயங்கவேண்டாம்.

சென்னப்பட்டணம் இங்கிருந்து மைசூர் ரோட்டில் 60 கிலோமீட்டர்தான். அங்கே வெப்பாலை மரத்தில் பொம்மை கடைபவர்கள் கை அளவுத் துண்டை வேகமாகச் சுற்றி, அரக்குக் குச்சியை அழுத்தி அந்த உராய்வுச் சூட்டிலேயே வண்ணம் ஏற்றுவார்கள். பார்க்க அத்தனை அழகு. ஆனால் அந்த வேகத்தையும் உளியையும் பெரிய கிண்ணத்துக்குக் கொண்டுவரக்கூடாது.

சுவரில் வரி விழுகிறது, இரண்டு இடத்தில் நார் பிய்கிறது

சுற்றிலும் ஒரே சீரான திருகு வரி என்றால் கை அவசரப்பட்டது, அல்லது உளி மழுங்கியது. விளிம்பில் மட்டும் நடுக்கக் கோடுகள் என்றால் சுவர் மெல்லியதாகி உளிக்கு வளைந்துகொடுக்கிறது. விளிம்பை முதலிலேயே கடைசிக் கனத்துக்குக் கொண்டுவந்து முடித்துவிட்டு, பிறகு கீழே இறங்குங்கள். முடித்த விளிம்புக்குத் திரும்பிப் போகாதீர்கள்.

எதிரெதிரே இரண்டு இடத்தில் மட்டும் சொரசொரப்பா? மெஷின் குற்றமில்லை. பலகைபோல அறுத்த கட்டையில் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை உளி நாரின் முனையைச் சந்திக்கிறது. புதிதாகச் சாணை பிடித்து, அந்த இடத்தில் எண்ணெய் அல்லது தண்ணீர் தடவி, மெல்லிய சீவல் மட்டும் எடுங்கள். மணல்தாளால் அதை அழிக்க முயன்றால் பக்கத்து மரம் முதலில் தேய்ந்து பள்ளமாகும்.

கடைந்து வைத்த கிண்ணம் கோணுகிறது, வெடிக்கிறது

மரம் காயும்போது வளையங்களின் ஓட்டத்தில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளியே சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் வட்டக் கிண்ணம் முட்டை வடிவமாகும். தடுக்க முடியாது, இடம் விட்டு வைக்கலாம். முதல் கடைசலில் சுவரை விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கனமாக விடுங்கள், 20 இன்ச்சுக்கு 2 இன்ச். மர வளையங்களின் நடு மையம் கிண்ணத்துக்குள் இருந்தால் வெடிப்பு நிச்சயம், அறுக்கும்போதே அதைத் தள்ளிவிடுங்கள். நார் முனை தெரியும் இடங்களில் உருக்கிய மெழுகு பூசி, அதன் சொந்தச் சீவலோடு சாக்குப்பையில் கட்டி வையுங்கள். பெங்களூரில் பிப்ரவரி, மார்ச் காற்று வறட்சியானது, அந்த மாதங்களில் ஜன்னல் பக்கம் வைத்த இரண்டு கிண்ணங்கள் ஒரே வாரத்தில் விளிம்பிலிருந்து பிளந்தன. ஆகஸ்டில் அதே மரத்தில் செய்தவை நின்றன.

அடிப்பக்கத்தில் தேதியும் எடையும் பென்சிலால் எழுதி, வாரம் ஒருமுறை தராசில் வையுங்கள். மூன்று வாரம் எடை மாறாவிட்டால் மறுபடி லேத்தில் ஏற்றி முடிக்கலாம். என் 18 இன்ச் தூங்குமூஞ்சிக் கிண்ணத்துக்கு ஏழு மாதம் ஆனது.

காயும் கிண்ணத்தின் கீழே முகப்பவுடர்போல மெல்லிய மாவு தட்டியிருந்தால் அது வண்டு. தூங்குமூஞ்சியிலும் மாமரத்திலும் வெள்ளை மரப் பகுதியை அது விடாது. சாப்பாட்டுக் கிண்ணத்தில் மருந்து அடிக்க நான் சம்மதிப்பதில்லை, வெள்ளை மரத்தை முதல் கடைசலிலேயே சீவி எடுத்துவிடுகிறேன். மாவு தட்டிய கிண்ணத்தை மற்றவற்றோடு ஒரே அலமாரியில் ஒரு ராத்திரிகூட வைக்காதீர்கள்.